இல்லமும் சிருஷ்டி சக்தியும்

சிருஷ்டி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவருக்குக் கவிஞர்களும் சிற்பிகளும் சங்கீத வித்துவான்களுமே நினைவுக்கு வருகின்றனர். அச்சக்தி பிறவியிலேயே சிலருக்கு மட்டும் வாய்த்ததென்றும், ஏனையோர் அச்சிலர் ஆக்கியவற்றைக் கண்டும் கேட்டும் களிக்கப் பிறந்தவர்களென்றும் ஒரு கொள்கை நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. தோட்டத்திலும் பட்டணத்திலும் கூலிக்கும் சம்பளத்துக்கும் உழைக்கும் மக்களிடம் சென்று, "உங்கள் வீட்டில் நீங்கள் புதிதாக எதை ஆக்குகிறீர்கள்?" என்று கேட்டால், அவர்கள் நகைப்பார்கள். "அதற்கெல்லாம் நமக்கு ஏது நேரம்? ஏது படிப்பு?" என்பதே விடையாக வரும்.

இவ்விடையை எளிதில் தள்ளிவிடலாகாது. பகலெல்லாம் பிறருக்காக உழைத்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஒருவனை அல்லது ஒருத்தியை நோக்கி, "உன் கையாலும் கருத்தாலும் இன்னும் ஒன்றை ஆக்கு" என்று கூறுவது நியாயமாகுமா? வீட்டில் சிருஷ்டி என்பது ஓய்வுடையோரின் பொழுதுபோக்கா? அல்லது மனிதராய்ப் பிறந்தார் எல்லோர்க்கும் உரிய ஓர் உரிமையா? உரிமையெனின், அதனை அடையவொட்டாமல் தடுப்பது யாது? இக்கேள்விகளை நேயர்களோடு சேர்ந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிருஷ்டி யாது?

முதற்கண் சொல்லின் பொருளைத் தெளிவு செய்துகொள்வோம். இல்லாத ஒன்றிலிருந்து எதையும் மனிதன் ஆக்கியதில்லை. குயவன் களிமண்ணைப் படைக்கவில்லை. தச்சன் மரத்தைப் படைக்கவில்லை. கவிஞன் சொற்களைக் கூடப் படைக்கவில்லை, அவை அவன் பாட்டிக்கும் தெரிந்தவையே. ஆகவே, கையில் இருப்பதைக் கொண்டு, தன் சொந்தத் தீர்ப்பினால், முன்பு அவ்விடத்தில் இல்லாத ஓர் ஒழுங்கைத் தோற்றுவிப்பதே சிருஷ்டி என்று கொள்ளலாம். இவ்விலக்கணத்தில் பொருள் சிறிது, தீர்ப்பே பெரிது.

தோட்டத்து மக்களாகிய நமக்கு நன்கு விளங்கும் ஓர் உதாரணத்தைக் கூறுகிறேன். 1876ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. அடுத்த ஆண்டில் அவற்றின் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மரம் வளர்ந்தது, ஆனால் அதனைக் காயப்படுத்தாமல் நாள்தோறும் பால் எடுப்பது எப்படி என்பது விளங்கவில்லை. பிரேசில் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தியே பால் எடுத்து வந்தனர். 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பார் பல ஆண்டு சோதனை செய்து, பட்டையை மெல்லியதாகச் சீவி, மறுமுறை அதே வெட்டின் ஓரத்தைச் சிறிது சீவித் திறக்கும் முறையைக் கண்டார். மரமும் பட்டையும் பாலும் முன்னரே இருந்தவை. அவர் புதிதாகச் சேர்த்தது ஒரு கோணமும் ஒரு மென்மையுமே. அந்த ஒரு வெட்டின்மேல் மலாயா தேசத்தின் பொருளாதாரமே நெடுங்காலம் நின்றதன்றோ?

இனி நம் வீட்டு வாயிலைப் பார்ப்போம். புள்ளி வைத்து, அப்புள்ளிகளைச் சுற்றிக் கோட்டை எடுக்காமல் இழுத்து, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிக்கும் கோலத்தை நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இட்டு வந்திருக்கின்றனர். இதில் அடங்கிய அறிவு எத்தகையதென்று படித்தவர்கள் வெகுகாலம் எண்ணிப் பார்க்கவில்லை. சென்னைக்கு அருகே தாம்பரத்திலுள்ள கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் உழைத்த கணித அறிஞர்களும் 1970களில் இக்கோலங்களை ஆராய்ந்து, ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல இவற்றிற்கும் விதிகள் உண்டென்று காட்டினர். கணினிக்குப் படம் வரையக் கற்பிக்கும் முறைகளுக்கு அரிசி மாவினால் இட்ட கோடுகள் உதாரணமாயின. ரிட்லியின் பெயர் ஏட்டில் ஏறியது. முதன்முதல் ஒரு புதிய கோலத்தை வகுத்த பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. சக்தியில் வேற்றுமை இல்லை. கணக்கெழுதுவோரின் கண்ணில்தான் வேற்றுமை.

அலபாமாவின் போர்வைகள்

இவ்விஷயத்தில் நாம் பாடம் கற்க வேண்டிய ஓர் ஊர் அமெரிக்காவில் இருக்கிறது. அலபாமா மாகாணத்தில், அலபாமா நதி வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஒரு நிலப்பகுதிக்கு ஜீஸ் பெண்ட் என்று பெயர். அதுவும் நம்முடைய ஊர்களைப்போல ஒரு தோட்டமாகப் பிறந்த ஊர்தான். 1816இல் ஜீ என்பவர் அங்குப் பருத்தித் தோட்டம் அமைத்தார். 1845இல் அது பெட்வே என்பவரின் கைக்கு மாறியது. அங்கு உழைத்த கறுப்பு மக்கள் அடிமைகள். அடிமைத்தனம் ஒழிந்த பிறகும் அவர்களுடைய சந்ததியார் அதே நிலத்தில் குத்தகைக் குடிகளாகவே நின்றனர். முதலாளியின் குடும்பப் பெயரே அவர்களுட் பலருக்குக் குடும்பப் பெயராயிற்று.

1932இல் அவர்களுக்கு வந்த துன்பம் கொடிது. கடன் கொடுத்து வந்த வணிகர் ஒருவர் இறந்துபோக, அவர் மனைவியின் சார்பில் வந்தவர்கள் கடனுக்கு ஈடாகக் கருவிகளையும் கால்நடைகளையும் தானியத்தையும் வாரிக்கொண்டு சென்றனர். செஞ்சிலுவைச் சங்கத்தார் அனுப்பிய உணவே பல குடும்பங்களை அக்குளிர்காலத்தில் காத்தது. அவர்கள் குடியிருந்த மரக்குடிசைகளின் இடுக்குகளில் குளிர்காற்று புகும். அதைத் தடுக்கச் சுவர்களில் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டினர். படுக்கையில் போர்த்திக்கொள்ள, கிழிந்த வேலைச் சட்டைகளையும் மாவுச் சாக்குகளையும் துண்டு துண்டாக வெட்டித் தைத்துக்கொண்டனர். அவையே அவ்வூர்ப் பெண்களின் ஒட்டுத்துணிப் போர்வைகள்.

குளிருக்குப் போர்த்திக்கொள்ள வேண்டுமென்றால் எத்துண்டை எத்துண்டோடு இணைத்தாலும் போதும். ஆனால் அப்பெண்கள் அவ்வாறு செய்யவில்லை. வெளுத்துப்போன நீலத் துணிக்கருகே, பை இருந்த இடத்தில் மட்டும் வெளுக்காமல் நின்ற கருநீலத் துண்டை வைத்தனர். நேர்கோடு சலிப்பூட்டிய இடத்தில் வேண்டுமென்றே அதனைச் சாய்த்தனர். சதுரத்துக்குள் சதுரமாக வைத்து, நடுவே ஒரு சிவப்பை நிறுத்தினர். தாயிடம் மகள் கற்றாள். கற்ற பிறகு தன் வழியே சென்றாள். 1942இல் அவ்வூரில் கணவனை இழந்த ஒரு பெண், அவன் அணிந்திருந்த வேலை உடைகளையே வெட்டிப் போர்வையாகத் தைத்தாள். அவனை நினைந்து, அவன் அன்பைப் போர்த்திக்கொண்டு உறங்குவதற்காகவே அவள் அதனைத் தைத்தாளென்று அவள் மகள் பின்னாளில் சொன்னாள். முழங்கால் தேய்ந்த இடமும் கறை படிந்த இடமும் அப்போர்வையில் அப்படியே தெரிகின்றன.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 2002இல் இப்போர்வைகள் ஹூஸ்டன் நகரத்து நுண்கலைக் காட்சிசாலையின் சுவர்களிலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி காட்சிசாலையின் சுவர்களிலும் தொங்கின. புகழ்பெற்ற ஓவியர்களின் ஓவியங்களுக்கு இணையாக விமரிசகர்கள் அவற்றைப் போற்றினர். 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றின் உருவங்களை அஞ்சல் தலைகளாக வெளியிட்டது.

நேயர்களே, இங்குத்தான் நம் கேள்வி பிறக்கிறது. அப்போர்வைகள் காட்சிசாலையின் சுவரில் ஏறிய நாளில்தானா கலையாயின? விமரிசகர் எவரும் பார்க்காத 1942இல், மண்ணெண்ணெய் விளக்கின் அருகே மடியில் கிடந்தபோது அவை என்னவாக இருந்தன? அன்று அவை கலையல்ல என்போமாயின், ஒரு பொருளின் மதிப்பு அதனைப் பார்க்க வரும் சீமான்களின் கையில் இருக்கிறதென்று ஒப்புக்கொண்டவர்களாவோம். அன்றும் அவை கலையே என்போமாயின், இன்று இந்நாட்டில் எந்த வீட்டின் மூலையில் எது கிடக்கிறதோ என்று எண்ணி நாம் சற்றுத் தலைகுனிய வேண்டும். எனது துணிபு இரண்டாவதே. சிருஷ்டியை நிச்சயிப்பது ஆக்கியவரின் தீர்ப்பு; பார்த்தவரின் தீர்ப்பு அதற்குப் பின் வருவது.

ஆட்சேபங்கள் மூன்று

இக்கொள்கைக்கு எதிராகக் கூறத்தக்க ஆட்சேபங்கள் உண்டு. அவற்றை மறைத்துவிட்டுச் செல்வது நேர்மையாகாது.

முதல் ஆட்சேபம்: "வறுமையில் பிறந்த அழகைப் புகழ்வது வறுமையையே புகழ்வதாகும். ஏழை கந்தலைத் தைத்தால் அதனைக் கலையென்று கூறிக் கைதட்டிவிட்டு, புதுத்துணி வாங்கக் கூலி கொடுக்காமல் இருக்கலாம் அன்றோ?" இவ்வாட்சேபத்தில் பெரும் உண்மை இருக்கிறது. நம் நாட்டுச் சரித்திரமே அதற்குச் சாட்சி. மேற்சொன்ன பெண் போர்வை தைத்த அதே 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமாயின. 1945 வரை அரிசிக்குப் பஞ்சம், துணிக்குப் பஞ்சம். ஆண்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு சென்றனர். அவர்களுள் திரும்பாதோர் மிகப் பலர். லயங்களில் தனித்து நின்ற பெண்கள் மரவள்ளிக் கிழங்கை அவித்தும், துருவியும், உலர்த்தி மாவாக்கியும் விதவிதமாக ஆக்கிக் குழந்தைகளைக் காத்தனர். கோணிச் சாக்கு உடையாயிற்று. அவர்களுடைய யுக்தியை நான் வணங்குகிறேன். ஆனால் அந்த யுக்திக்காக அக்காலத்தை வாழ்த்துவோர் எவரேனும் உண்டோ?

ஆகவே இவ்விரண்டையும் பிரித்து நோக்கவேண்டும். இல்லாமை சிருஷ்டிக்குத் தாயன்று. இல்லாமையிலும் அழியாமல் நின்ற ஒரு சக்தியின் பெயரே சிருஷ்டி. கந்தலிலிருந்து அத்துணை அழகை ஆக்கியவளுக்கு நல்ல துணியும் நல்ல வெளிச்சமும் ஓய்வும் கிடைத்திருந்தால் எதை ஆக்கியிருப்பாள் என்று கேட்பதே நியாயம். "இவ்வளவில்லாமலே இவ்வளவு செய்தாளே, இனியும் எதற்கு?" என்று கேட்பது அநியாயம்.

இரண்டாம் ஆட்சேபம் இதனினும் கடுமையானது: "சிருஷ்டிக்கு நேரமும் இடமும் வேண்டும். நம் வீடுகளில் அவை இல்லை." ஆங்கில நாட்டு எழுத்தாளர் வர்ஜீனியா வூல்ஃப் 1929இல் வெளியிட்ட ஒரு நூலில், பெண் ஒருத்தி கதை எழுத வேண்டுமானால் அவளுக்கு வருமானமும், தனக்கென்று ஓர் அறையும் வேண்டுமென்று வாதித்தார். அறை என்பது கதவும் தாழ்ப்பாளும் உடையது. பிறர் நினைத்தபோது நுழைய முடியாதது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1974இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதனை எடுத்துக்கொண்டு, தம் உடலே தமக்குச் சொந்தமில்லாத அடிமைப் பெண்களுக்கு அறை எங்கே என்று கேட்டார். குத்தகை விவசாயியின் மனைவியாகிய தம் தாய், வயலில் உழைத்து, பிள்ளைகள் பலரை வளர்த்து, எஞ்சிய நேரத்தில் குடியிருந்த குடிசைதோறும் பூந்தோட்டம் வளர்த்ததை அவர் நினைவுகூர்ந்தார். தாயின் எழுதப்படாத நூல் அப்பூந்தோட்டமே என்பது அவர் கருத்தாக விளங்குகிறது.

இதிலிருந்து நாம் பெறுவது யாது? "நேரம் இல்லை" என்று வீட்டில் எல்லோரும் கூறுகின்றோம். ஆயின் அந்நேரமின்மை எல்லோர்க்கும் ஒரே அளவினதா? ஆண் வேலை முடிந்து வந்தால் அவன் வேலை முடிந்தது. பெண் வேலை முடிந்து வந்தால் அவளுடைய இரண்டாவது வேலை தொடங்குகிறது. அவன் செய்தித்தாளையோ கைப்பேசியையோ எடுத்துக்கொண்டு அமர்கிறான். அவள் அரிசியைக் களைகிறாள். தோட்டத்துக் கணக்கெழுதும் என் போன்றோருக்கு இது தெளிவாகத் தெரியவேண்டும். செக்ரோலில் பேர் உண்டு, நாள் உண்டு, வெட்டிய குலை உண்டு, சம்பளம் உண்டு. ஒருத்தி விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து செய்ததற்கும், இரவு பத்து மணி வரை செய்ததற்கும் அதில் ஒரு கட்டமும் இல்லை. கட்டம் இல்லாத உழைப்பை உழைப்பென்று கருதாமலிருக்க ஆண்களாகிய நாம் நன்கு பழகிவிட்டோம்.

எனவே, வீட்டில் சிருஷ்டி வளர எளிய வழி யாதெனக் கேட்பார்க்கு என் முதல் விடை இது: பாத்திரத்தைக் கழுவுங்கள், ஐயா. வண்ணப் பெட்டியும் தையல் ஊசியும் பின்னர் வாங்கலாம். ஒரு வீட்டில் ஆண் தினமும் முக்கால் மணி நேர வேலையைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டால், அவ்வீட்டில் அறை ஒன்று கட்டியதற்கு அது சமானம். செங்கல் இல்லாத அறை. ஆயினும் தாழ்ப்பாள் உள்ள அறை. தன் மனைவியோ, தாயோ, தமக்கையோ என்ன ஆக்க வல்லவள் என்பதை அறியாமலே எத்தனை ஆண்கள் அவளோடு ஒரு கூரையின்கீழ் ஆயுளைக் கழித்துவிட்டார்கள்!

மூன்றாம் ஆட்சேபம் இக்காலத்துக்கு உரியது: "எல்லாம் கடையில் கிடைக்கும்போது நாம் ஏன் ஆக்கவேண்டும்? கடைச்சரக்கு நம் கைச்சரக்கைவிட நேர்த்தியாகவும் இருக்கிறதே." உண்மைதான். தோட்டங்களை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளில் குடியேறிய வீடுகளின் வாயிலில், இன்று அச்சடித்த ஒட்டுக் கோலங்களைக் காண்கிறோம். ஆறு மணிக்குத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண் அதனை ஒட்டிவிட்டுச் சென்றால் அவளைக் குறைகூற எனக்கு வாயில்லை. மண் தரையும் சாணமும் இல்லாத இடத்தில் அவள் வாயிலை வெறுமையாக விடவில்லையே என்று மகிழவே தோன்றுகிறது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஒட்டுக் கோலத்தில் கோடு கோணாது, ஆனால் "இன்று என்ன கோலம்?" என்ற கேள்வியும் எழாது. அக்கேள்வி காலை வேளையில் அவளுக்கென்று இருந்த ஒரு தீர்ப்பு. அது போய்விட்டது.

ஒரு தொழிலாளியின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது எழுவது என்பதைச் சங்கு தீர்மானிக்கிறது. எந்த நிரையில் வேலை என்பதை மேலாள் தீர்மானிக்கிறார். எவ்வளவு கூலி என்பதை எங்கோ நடக்கும் சந்தை தீர்மானிக்கிறது. வீடு திரும்பினால் எதைப் பார்ப்பது என்பதையும் கைப்பேசியே தீர்மானித்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டுகிறது. இவ்வாறு ஒரு மனிதன் காலை முதல் இரவு வரை எதையும் தீர்மானிக்காமலே வாழ்வானாயின், தீர்மானிக்கும் சக்தியே அவனிடம் தேய்ந்து போகும். பயன்படுத்தாத கத்தி துருவேறுவதுபோல அது துருவேறும். பிறகு சங்கத்தில் வாக்களிக்க வேண்டிய நாளிலும், பிள்ளையின் படிப்பைப் பற்றி முடிவு செய்யவேண்டிய நாளிலும், "நீங்களே சொல்லுங்கள்" என்று எவரிடமேனும் சென்று நிற்பான். வீட்டில் சிருஷ்டி வேண்டுமென்று நான் வற்புறுத்துவதன் உட்பொருள் இதுவே. எவருக்கும் கணக்குக் கொடுக்காமல் ஒருவன் தானே தீர்மானிக்கும் இடம் நாளில் ஒன்றேனும் இருக்கவேண்டும்.

ஜீஸ் பெண்ட் மக்களின் வரலாறு இங்கும் ஒளி தருகிறது. 1960களில் அம்மக்கள் வாக்காளராகப் பதிந்துகொள்ள முயன்றபோது, மாவட்டத் தலைநகருக்கு ஆற்றைக் கடந்து செல்லும் படகுப் போக்குவரத்து 1962இல் நிறுத்தப்பட்டது. அக்கரையில் உள்ள ஊருக்குச் சுமார் 40 மைல் சுற்றிச் செல்ல நேர்ந்தது. 2006இல்தான் அப்படகு திரும்ப ஓடியது. அத்தனை ஆண்டுகளும் அவர்கள் அடங்கிக் கிடக்கவில்லை. 1966இல் அவ்வட்டாரப் பெண்கள் போர்வை தைக்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவித் தம் கைவேலையைத் தாமே விற்கத் தலைப்பட்டனர். போர்வை தைத்ததனால் வாக்குரிமை வந்ததென்று நான் கூறவில்லை. அதற்கு வேறு போராட்டங்கள் வேண்டியிருந்தன. ஆயினும் இரவுதோறும் துணியின் முன் அமர்ந்து, "இதை இங்கே வைப்பேன், அதை அங்கே வைக்கமாட்டேன்" என்று தீர்ப்பளித்துப் பழகிய பெண்களைப் பகலில் ஒன்றும் தெரியாதவர்கள் என்று நடத்துவது எளிதாக இருந்திருக்குமா?

எளிய வழிகள்

இனி நடைமுறைக்கு வருவோம். பணச்செலவின்றி எவ்வீட்டிலும் கைக்கொள்ளத்தக்க சில வழிகளை மட்டும் கூறுகிறேன்.

முதலாவது, பழுது பார்த்தல். கிழிந்த துணி, கால் உடைந்த நாற்காலி, கைப்பிடி கழன்ற வாணலி ஆகியவற்றை எறிவதற்குமுன் ஒருநாள் வைத்திருந்து பாருங்கள். வங்காளத்துப் பெண்கள் பழம் புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையல் தைத்து, காந்தா என்னும் விரிப்புகளை ஆக்கினர். பழுது பார்ப்பவன் ஒரு பொருள் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை முதலில் அறிகிறான். பின்னர் அதனை வேறுவிதமாகவும் ஆக்கலாமே என்று எண்ணுகிறான்.

இரண்டாவது, பிள்ளைகளுக்கு முடிந்த பொம்மையைக் கொடாமல் முடியாத பொருளைக் கொடுங்கள். அட்டைப் பெட்டி, பனையோலை, தென்னையீர்க்கு, நூல், பழைய காலண்டர்த் தாள் ஆகியவை போதும். முந்திய தலைமுறையினர் ஒட்டுப்பாலைச் சுற்றிப் பந்து செய்தும், ரப்பர் விதைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து உடைத்தும் விளையாடினர். அவ்விளையாட்டின் சட்டங்களை அவர்களே வகுத்தனர். சண்டை வந்தபோது அவர்களே திருத்தினர். பிள்ளை யானையைப் பச்சையாக வரைந்தால், "யானை கறுப்பன்றோ?" என்று உடனே திருத்தாதீர்கள். ஏன் பச்சை என்று கேளுங்கள். விடை பெரும்பாலும் உங்கள் திருத்தத்தைவிடச் சுவையாக இருக்கும்.

மூன்றாவது, கதை. வாரத்தில் ஓரிரவு கைப்பேசிகளை ஒரு பாத்திரத்தில் இட்டு மூடிவிட்டு, வீட்டார் அனைவரும் வட்டமாக அமருங்கள். மூத்தவர் ஒருவர் அறிந்த கதையைத் தொடங்கட்டும். பாதியில் நிறுத்தி, அடுத்தவர் வேறு முடிவு கூறட்டும். பாட்டியார் தாம் கப்பலில் வந்த கதையைத் தம் தாயிடம் கேட்டவாறு கூறுவாராயின், அதனைப் பேரப்பிள்ளைகளுள் ஒருவர் ஒரு நோட்டில் எழுதிவைக்கட்டும். இந்நாட்டுத் தமிழருக்கு இது புதிய வழக்கமன்று. 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' இதழ், 1950ஆம் ஆண்டளவில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் என்ற இருவரைக் கொண்டு 'கதை வகுப்பு' ஒன்றை நடத்தியது. பள்ளிக்கூடம் இல்லை, கட்டணம் இல்லை, பத்திரிகையே பள்ளிக்கூடம். ஊர் ஊராக இருந்தவர்கள் தத்தம் வீடுகளிலிருந்து பயிற்சி பெற்று எழுதினர். மலாயாத் தமிழ்ச் சிறுகதையின் வளர்ச்சியைப் பேசுவோர் இவ்வகுப்பைக் குறிப்பிடாமல் செல்வதில்லை. வீட்டில் ஒரு மூலையும் ஒரு பென்சிலும் எவ்வளவு செய்யும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நான்காவது, சமையலில் ஒருநாள். வாரத்தில் ஒருநாள் அடுப்படியை ஆண்களும் பிள்ளைகளும் ஏற்கட்டும். கடைக்குச் செல்லாமல், வீட்டில் இருப்பதை மட்டும் வைத்து ஆக்குவது அன்றைய விதியாக இருக்கட்டும். உப்பு மிகுந்தால் மிகுந்துபோகட்டும். பிறர் இட்ட சோற்றில் குறைகாணும் நாக்கு அன்று ஒருநாள் நல்ல பாடம் கற்கும்.

ஐந்தாவது, சிறு நிலம். நிலம் இல்லையேல் ஒரு பழைய எண்ணெய் டின்னில் மண் நிரப்பிக் கறிவேப்பிலையோ மிளகாயோ நடுங்கள். எச்செடிக்கருகே எச்செடி என்பதும் ஒரு தீர்ப்பே.

இவ்வழிகளைக் கைக்கொள்வார்க்கு எச்சரிக்கை ஒன்று உண்டு. இவற்றைப் பரிசுக்கும் போட்டிக்கும் உரியனவாக ஆக்கிவிடாதீர்கள். பிள்ளை ஒன்றை வரைந்தவுடனே அதனைப் படம் பிடித்து ஊராருக்கெல்லாம் அனுப்பி, எத்தனை பேர் மெச்சினர் என்று எண்ணிப் பார்ப்போமாயின், நாம் பிள்ளையின் கையில் கொடுத்த தீர்ப்பை மறுபடி ஊரார் கையில் கொடுத்தவர்களாவோம். அடுத்த படத்தை அப்பிள்ளை தனக்காக வரையாது, மெச்சுபவர்களுக்காகவே வரையும். விற்பனையைப் பற்றியும் இதுவே. கைவேலையை விற்றுப் பொருளீட்டுவது குற்றமன்று; தேவையும் நன்மையுமாகும். ஆனால் விலை போகாதது வீண் என்ற எண்ணம் வீட்டுக்குள் நுழையுமாயின், செக்ரோலின் கட்டங்கள் நம் அடுப்படி வரை வந்துவிட்டன என்றே பொருள்.

தொகுத்துக் கூறின், வீட்டில் சிருஷ்டி என்பது ஓய்வுடையோரின் ஆடம்பரமன்று. அது ஒவ்வொருவர்க்கும் உரிய உரிமை. அதனைத் தடுப்பது திறமைக் குறைவு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் நியாயமற்ற வேலைப் பங்கீடும், நம்மைப் பற்றி நாமே கொண்ட இழிந்த அபிப்பிராயமுமே பெருந்தடைகள். கூலி உயரவும் நேரம் குறையவும் நல்ல வீடு கிடைக்கவும் நாம் சங்கத்தில் கூடிக் கேட்கவேண்டியது கேட்கவேண்டியதே; அதில் ஓரடியும் பின்வாங்கலாகாது. ஆனால் வீட்டுக்குள்ளே நடக்கும் பங்கீட்டை மாற்ற எந்த முதலாளியின் கையொப்பமும் வேண்டியதில்லை. இன்றிரவே அதனைத் தொடங்கலாம். அவ்வாறு விடுவிக்கப்பட்ட முக்கால் மணி நேரத்தில் உங்கள் வீட்டுப் பெண் என்ன செய்யவேண்டுமென்று நீங்கள் யோசனை கூற வேண்டா. அவள் ஒன்றும் செய்யாமல் அமர்ந்து வானத்தைப் பார்த்தாலும் அது அவள் உரிமை. கைகள் ஓய்ந்திருக்கும்போது மனம் எதை ஆக்கத் தொடங்குமென்பது அவளுக்கே தெரியும்.